பென்சில் கோட்டுக்கு மேலே ஒரு வயலின்

நான் எழுதிக் கொடுத்த பக்கத்தை நினைவு மலரில் போடவில்லை. அதில் எனக்கு வருத்தம் இல்லை, கோபம்தான். அந்த ஒரு பக்கத்தை நீட்டி முழுசாக இங்கே எழுதிவிடுகிறேன். பிடிக்காதவர்கள் படிக்க வேண்டாம்.

என் பெயர் சிலுவைதாசன். முட்டத்துக்கு மேற்கே ஒரு கடற்கரை ஊர். நாற்பது வருடத்துக்கு மேல் மைக் செட் தொழில் பார்த்து ஓய்ந்தவன். மாதா கோயில் திருவிழா, தர்கா கந்தூரி, அம்மன் கொடை, கட்சிக் கூட்டம், கல்யாணம் என்று இந்த மாவட்டத்தில் நான் ஏறிக் குழாய் ஸ்பீக்கர் கட்டாத தென்னைகள் குறைவு. மலர் எனக்கு இல்லை. எங்கள் ஊர் வயலின்காரர் ததேயு அண்ணனுக்கு. அவர் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. பங்கு மண்டபத்தில் அவருடைய படத்தைத் திறந்து, கூடவே ஒரு மலரும் வெளியிடுவது என்று கமிட்டி முடிவு செய்தது. செயலாளர் சகாயம் என் வீட்டுக்கு வந்தான்.

"மாமா, அவருகூட கடைசி வரைக்கும் நின்னது நீங்கதான். ஒரு பக்கம் எழுதித் தாருங்க. வயலின் சத்தம் கேட்டு எனக்க அப்பனுக்க வள்ளம் கரை சேந்துதே, அத எழுதினாப் போதும். நீங்கதான் கண்ணால கண்ட சாட்சி."

"வேற ஒண்ணும் வேண்டாமா?"

"சின்ன வயசுல கோயில்ல வாசிச்சத எழுதுங்க. அந்த முடி வளத்துட்டு ஆடின காலமெல்லாம் எதுக்கு மாமா? நாலு பேரு படிக்கப்பட்ட மலரு."

அவன் சொல்லும் அந்த முடி வளர்த்த காலம் முப்பது வருடம். ஒரு மனிதனின் வாழ்க்கையில் முப்பது வருடத்தைக் கழித்துவிட்டு, மிச்சத்துக்கு மாலை போடுகிறார்களாம். எழுதித் தருகிறேன் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

ததேயு அண்ணன் வாசித்தது சைக்கடெலிக் ராக். அந்தப் பெயரைச் சொல்லவே எனக்கு ஆறு மாதம் பிடித்தது. விளக்கம் கேட்டால் எனக்குத் தெரிந்த வரையில் சொல்வேன். சாதாரணப் பாட்டு வீட்டு வாசலில் கிளம்பும், ஊரைச் சுற்றும், சரியாக வீட்டுக்கே வந்து சேரும். இது கிளம்பும். வந்து சேரும் என்பதற்கு உறுதி கிடையாது. ஒரே மெட்டு சுற்றிச் சுற்றி வரும், எதிரொலி அதன் மேல் ஏறி உட்காரும், நடுவில் வயலின் அலறும். கேட்கிறவனுக்குத் தலை கிறுகிறுக்கும். அது கிறுகிறுக்கத்தான் அந்தப் பாட்டு.

அவர் கோயிலில் செபமும் பாட்டும் நடத்தும் உபதேசியாரிடம் வயலின் படித்தவர். இருபத்திரண்டு வயதில் கேரளத்துக் கோவளத்துக்கு ஓர் ஓட்டலில் வாசிக்கப் போனார். வெள்ளைக்கார விருந்தாளிகள் சாப்பிடும்போது மெல்ல வாசிக்கிற வேலை. சாப்பிட்டு முடித்தவர்கள் கடற்கரை மணலில் கிட்டார் வாசித்தார்கள். இவரும் போய் உட்கார்ந்தார். மூன்று வருடம் கழித்துத் தோள் வரை முடியோடும், தலைக்குள் வேறொரு சத்தத்தோடும் ஊருக்கு வந்தார். இரண்டு கிட்டார், ஒரு டிரம் சேர்த்து ஒரு குழு தொடங்கினார். பெயர் 'கச்சான்'. எங்கள் ஊரில் கடலிலிருந்து அடிக்கும் மேல்காற்றுக்கு அதுதான் பெயர்.

நான் அப்போது குளச்சலில் அசனார் முதலாளியின் மைக் செட் கடையில் வேலை பார்த்தேன். முதல் இரண்டு வருடம் மரம் ஏறினேன், வயர் சுற்றினேன், ஷாக் வாங்கினேன். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. முதலாளியைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

ஓர் இடத்துக்குப் போனால் வண்டியிலிருந்து எதையும் இறக்க விடமாட்டார். முதலில் நடுவில் போய் நின்று இரண்டு கையையும் தட்டுவார். சத்தம் எந்தச் சுவரில் பட்டு எப்போது திரும்புகிறது என்று கேட்பார். நான்கு மூலையிலும் தட்டிப் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் எந்த மரத்தில் எந்தக் குழாய் என்று கை காட்டுவார். கடற்கரை ஊர் என்றால் ஒரு குழாய் கட்டாயம் கடலைப் பார்த்து இருக்க வேண்டும். கடலில் கிடக்கிறவனுக்கும் பூசை கேட்க வேண்டும், கரையில் ஏதாவது ஒன்று என்றால் அவனைக் கூப்பிடவும் வேண்டும். தொழுகை தவறாத மனிதர், எந்தக் கோயிலுக்கும் இந்தக் குழாயை மறந்ததில்லை. மைக்கில் யாராவது ஊதிப் பார்த்தால் மட்டும் கோபம் வரும். "ஊதாதேயும் வே. அது என்ன அடுப்பா?" என்பார்.

பிறகு கோடு. ஆம்ப்ளிபயரின் வால்யூம் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார். ஓரிடத்தில் மைக் கூவும். ஸ்பீக்கரில் வரும் சத்தத்தையே மைக் மறுபடியும் வாங்கும், அதை ஸ்பீக்கருக்கே அனுப்பும், அது சுற்றிப் பெருகி 'ஊய்' என்று கத்தும். கத்திய இடத்தில், காதில் செருகியிருக்கும் பென்சிலை எடுத்துத் திருகுக்குப் பக்கத்தில் ஒரு கோடு போடுவார். நிகழ்ச்சி முடியும் வரை திருகு அந்தக் கோட்டுக்கு ஒரு விரல் கீழேதான் நிற்க வேண்டும். கூவல் கேட்டால் எங்களுக்கு மானம் போனது மாதிரி. வேலை தெரியாதவன் என்று ஊரே திரும்பிப் பார்க்கும்.

ததேயு அண்ணனுடைய பாட்டோ அந்தக் கோட்டுக்கு மேலேதான் தொடங்கும்.

அவருடைய வயலினுக்கு மைக் செய்து கொடுத்ததும் முதலாளிதான். ஒரு பழைய ரெக்கார்டு பிளேயரின் ஊசிக்குப் பின்னால் இருக்கும் கிறிஸ்டலைக் கழற்றினார். வயலின் தந்திகளைத் தாங்குகிற குதிரையின் காலில், தேன்மெழுகு வைத்து ஒட்டினார். கெட்டுப்போன ஒரு டேப் ரெக்கார்டரைப் பிரித்து, வாசித்தது ஒரு நொடி தள்ளி மறுபடி கேட்கும்படி எதிரொலி மிஷின் ஒன்றும் உருவாக்கினார். கடையின் பின்கட்டில் முதல் தடவை வாசித்துக் காட்டினார் அண்ணன். பெட்டி ஸ்பீக்கருக்கு முதுகைக் காட்டி நின்றார். தந்தியிலிருந்து வில்லை எடுத்துவிட்டார். தந்தி தானாகவே கூவத் தொடங்கியது. என் கை திருகுக்குப் பாய்ந்தது. முதலாளி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ததேயு, இந்தக் கூவல ஒனக்குப் புடிச்சு வச்சிருக்க முடியுமா?"

"முடியும் முதலாளி."

"எம்புட்டு நேரம்?"

"நீங்க போதும்னு சொல்லுற வரைக்கும்."

முதலாளி சாயா வாங்கி வரச் சொன்னார். சாயா வந்தது, ஆறியது, அவர் குடித்து முடித்தார். அவ்வளவு நேரமும் அந்த ஒற்றைக் கூவல் அறுபடவில்லை. ஸ்பீக்கருக்குத் தோளைக் கொஞ்சம் திருப்பினால் சுருதி ஏறும், விலகினால் இறங்கும், விரலை வைத்தால் அழும். முதலாளி கிளாஸை வைத்துவிட்டு, விரலில் எச்சில் தொட்டு, ஆம்ப்ளிபயரில் இருந்த பென்சில் கோட்டை அழித்தார். "இவனுக்குக் கோடு கிடையாது, தாசு. கேட்டியா?" என்றார்.

கேட்டேன். ஆனால் என் கை கேட்கவில்லை. அதுதான் நான் சொல்ல வந்த தப்பு.

எங்கள் ஊர்த் திருவிழாவின் பத்தாம் நாள், தேர் சுற்றி வந்த பிறகு, மாலை நான்கு மணிக்குக் 'கச்சான்' குழுவுக்கு அரை மணி நேரம் கொடுத்தார்கள். முதலாளி அன்று வேறொரு கந்தூரிக்குப் போயிருந்தார். ஆம்ப்ளிபயரில் நான் மட்டும். அண்ணன் ஒரு மாதா பாட்டில் தொடங்கினார். கிழவிகள் முக்காட்டைச் சரிசெய்து கும்பிட்டார்கள். மூன்றாவது நிமிடத்தில் டிரம் நுழைந்தது. மாதா பாட்டு அப்படியே அகன்று கடல் மாதிரி ஆனது. எதிரொலி ஏறியது. அண்ணன் ஸ்பீக்கருக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். கூவல் எழும்பியது. குழாய்களில் உட்கார்ந்திருந்த காக்கைகள் பறந்தன.

அப்போது பங்குச் சாமியாக இருந்த பாதிரியார் நாற்காலியிலிருந்து எழுந்து, என்னைப் பார்த்துக் கையைத் தூக்கி, கீழே இறக்குவது போல் காட்டினார். நான் யோசிக்கவே இல்லை. திருகை இறக்கிவிட்டேன்.

திடீரென்று வெறும் மர வயலினின் சத்தம் மட்டும் மைதானத்தில் கொசு மாதிரி கேட்டது. யாரோ சிரித்தார்கள். பிறகு நிறையப் பேர் சிரித்தார்கள். அண்ணன் வில்லை இறக்கினார். நேராக என்னிடம் வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன்.

"தாசு, சாமிக்குப் பயந்து கொறச்சியா, இல்ல ஒனக்கே புடிக்கலியா?"

நான் திருகிலிருந்து கையை எடுத்தேன். "புடிக்கலேன்னா சொல்லு, வேற ஆளப் பாக்கேன். பயந்தேன்னா இனிமே எனக்க பொறத்த நிக்காத" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குப் பிடித்திருந்தது. அதுதான் இன்றைக்கும் வலிக்கிறது. வாழ்க்கையில் அதற்கு முன் நான் கேட்டதிலேயே பெரிய சத்தம் அது, என் கையால்தான் அதைக் கொன்றேன்.

முதலாளி மறுநாள் என்னைத் திட்டவில்லை. பென்சிலைக் காதிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். "நீ சாமிக்க கையப் பாத்தே. வாசிக்கப்பட்டவனுக்க கையப் பாக்கல. நம்ம தொழில்ல பாக்க வேண்டிய கை ஒண்ணுதான்" என்றார். நான்கு மாதம் என்னை ஆம்ப்ளிபயர் பக்கம் விடவில்லை. மறுபடியும் மரம் ஏறினேன்.

இனி சகாயம் கேட்ட கதை. அதே வருடம் ஆடி மாதம். பகல் இரண்டு மணி. கச்சான் காற்று மழையைக் கரை மேல் தள்ளிக்கொண்டிருந்தது. கடலும் வானமும் ஒன்றாகி, பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. சகாயத்தின் அப்பன் மிக்கேல் நான்கு பேரோடு வள்ளத்தில் போனவர் வரவில்லை. கோயில் மைக்கில் சாமி அவர்கள் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிப்போய் உட்கார்ந்திருந்தார். ஆம்ப்ளிபயரைப் பார்க்க முதலாளி என்னை அனுப்பியிருந்தார். ஊரே கோயில் முகப்பில் நின்றது.

ததேயு அண்ணன் மழையில் நனைந்துகொண்டு வந்தார். வயலின் பெட்டியைச் சட்டைக்குள் அணைத்திருந்தார். என்னிடம் நான்கு மாதமாகப் பேசாதவர், வயரை என் கையில் கொடுத்தார். நான் மாட்டினேன். எனக்குத் தெரிந்ததை நான் சொல்லியாக வேண்டும், அது என் தொழில்.

"அண்ணே, எதிர்காத்து. சத்தம் கரைக்குள்ளதான் வரும். கடலுக்குப் போவாது."

"தெரியும்லே. கூட்டு."

கூட்டினேன். ஒன்றரை மணி நேரம். முதலில் அந்த மாதா பாட்டு, பிறகு அது அகன்று, பிறகு கூவல். இடையில் ஒருமுறை பங்குச் சாமியைப் பார்த்தேன். அவர் கை மடியில் கிடந்தது. அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. மிக்கேலின் மனைவி ரோசம்மா, கைக்குழந்தை சகாயத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஸ்பீக்கருக்கு முன்னாலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பின்னால் ஒருநாள் என்னிடம் சொன்னாள்: "நான் அலறணும்னு நெனச்சதெல்லாம் அது அலறிச்சு அண்ணே. இல்லேன்னா எனக்கு நெஞ்சு வெடிச்சிருக்கும்."

நான்கு மணிக்கு மேல் மழை விட்டது. வள்ளம் வந்தது. ஐந்து பேரும் உயிரோடு வந்தார்கள். ஊர் ஓடிப்போய்த் தூக்கியது. "வயலின் சத்தம் கேட்டுத்தானே வந்திய?" என்று பத்துப் பேர் கேட்டார்கள். மிக்கேல் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

"என்ன வயலின்? காத்து கடல்லேருந்துல்லா அடிக்கு? மழ விட்டப்போ முட்டத்து லைட்டவுஸ் தெரிஞ்சுது. அதப் புடிச்சு வந்தோம்."

அவர் சொன்னது ஒரு நாளுக்கு மேல் நிற்கவில்லை. வயலின் கூப்பிட்டது, வள்ளம் வந்தது என்று ஊர் பேசிக்கொண்டது. கொஞ்ச நாளில் மிக்கேலும் மறுக்காமல் விட்டுவிட்டார். அடுத்த திருவிழாவுக்கு அதே சாமி ததேயு அண்ணனைக் கூப்பிட்டு விட்டார். நன்றிப் பாட்டு வாசிக்க வேண்டுமாம். மாதா பாட்டு மட்டும்.

அண்ணன் கேட்டார்: "அன்னைக்கு வாசிச்சத வாசிக்கட்டா?"

"அது வேண்டாம் ததேயு."

"வள்ளம் வந்துதேன்னு கூப்பிடுதிய. வராம இருந்தா என்ன செய்திருப்பிய சாமி? எனக்க வயலின ஒடச்சிருப்பியளா?"

அதற்குப் பிறகு அவர் கோயிலில் வாசிக்கவே இல்லை. பூசைக்கு வருவார், பின் வரிசையில் நிற்பார், போய்விடுவார்.

'கச்சான்' எட்டு வருடம் ஓடியது. டிரம் வாசித்தவர் வளைகுடாவுக்குப் போனார். கிட்டார்காரர்கள் கல்யாணம் கட்டிப் பிரிந்தார்கள். அண்ணன் தனியாக வாசித்தார், கூட நான் மட்டும். சென்னையில் சினிமா ரெக்கார்டிங்குக்குப் போய் மூன்றாம் நாள் திரும்பி வந்தார். காதலன் அழும் இடத்தில் இனிப்பாக வாசிக்கச் சொன்னார்களாம், இனிப்பு மிட்டாய்க் கடையில் கிடைக்கும் என்று சொல்லிவிட்டு ரயில் ஏறிவிட்டார். மார்த்தாண்டத்தில் ஒரு கல்யாண வரவேற்பில் பெண்ணின் மாமன் மேடையேறி, "ஏலே, கல்யாண வீட்டுல எதுக்குலே நாய் ஊளை?" என்று கத்தினார். அண்ணன் மைக்கில், "மாப்பிள்ளைக்குப் பழகட்டும்னுதான்" என்றார். இரண்டு பேரும் ஓடி வந்தோம். அவர் பெரிய ஆள் ஆகவில்லை. ரேடியோவில் வரவில்லை. இரண்டே இரண்டு கேசட். ஆனால் தனக்குப் பிடிக்காத ஒரு சுரத்தைக் கூட அவர் யாருக்காகவும் வாசித்ததில்லை. அவரைத் தோற்றவர் என்று யாராவது சொன்னால் சண்டைக்கு வருவேன், எழுபத்திரண்டு வயதானாலும்.

இதையெல்லாம் ஒரு பக்கத்தில் சுருக்கி எழுதிக் கொடுத்தேன். சகாயம் படித்துவிட்டு முகம் சிவந்து வந்தான்.

"எனக்க அப்பன் வயலின் கேட்டு வரல்லேங்கியளா? நான் பொறந்த நாளுலேருந்து கேட்ட கதையாக்கும் இது."

"ஒனக்க அப்பன் சொன்னதத்தான் எழுதியிருக்கேன். வயலினக் கேட்டது கடல்ல கெடந்தவன் இல்லடே. கரையில நின்னவங்க. ஒனக்க அம்மை கேட்டா. அவ இடுப்புல இருந்து நீயும் கேட்டே. போய் அம்மைகிட்ட கேளு."

"அப்போ அற்புதம் ஒண்ணும் இல்லேங்கியளா?"

"அற்புதம் செய்தாத்தான் படம் திறப்பியளா? வாசிச்சாப் போதாதா?"

அவன் போய்விட்டான். மலரில் என் பக்கம் வரவில்லை. அட்டையில் 'பக்தி இசைச் செல்வர்' என்று இருந்தது. படத்தில் அண்ணனின் நீள முடியைக் கம்ப்யூட்டரில் வெட்டிக் குட்டையாக்கியிருந்தார்கள். உயிரோடு இருந்தபோது எந்த முடிதிருத்துபவரும் செய்ய முடியாத காரியம்.

படம் திறக்கிற அன்று அவர் வாசித்த ஏதாவது ஒன்றைப் போட வேண்டும் என்று கேசட் கேட்டார்கள். அவர்களிடம் ஒன்றும் இல்லை, என்னிடம்தான் இருந்தது. மாதா பாட்டு இருக்கிறதா என்று கேட்டார்கள். இருக்கிறது என்றேன். அதற்குப் பிறகு என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மண்டபத்தில் மைக் செட் போட்டிருந்தவர் ஜெனிஷ். முப்பது வயதிருக்கும், நல்ல வேலைக்காரர். அவருடைய மிக்சரைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கும். நாங்கள் வாங்கிய ஷாக் எதுவும் அவருக்கு இல்லை. கூவல் வந்தால் மிஷினே கண்டுபிடித்து, அந்தச் சுருதியை மட்டும் வெட்டிவிடுமாம். பென்சில் கோடு அதற்கு உள்ளேயே இருக்கிறது. நான் அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

மாதா பாட்டு ஓடியது. சபை உருகியது. இப்போதைய பங்குச் சாமி கண்ணை மூடியிருந்தார். மூன்றாவது நிமிடம் டிரம் வந்தது. எதிரொலி ஏறியது. அண்ணன் ஸ்பீக்கருக்கு முதுகைக் காட்டித் திரும்பும் இடம் எனக்குத் தெரியும். கூவல் எழும்பியது. எழும்பிய உடனே தேய்ந்து, மெலிந்து, கொசுவாகிப் போனது. மிஷின் அதைக் கூவல் என்று நினைத்து வெட்டிக்கொண்டிருந்தது. அன்று நான் செய்ததை இன்று அது செய்தது. நானாவது பயந்து செய்தேன்.

"ஜெனிஷ், அந்த வெட்டுற பட்டன ஆஃப் பண்ணும்."

"அண்ணாச்சி, கூவிடும்."

"கூவட்டும். அதாக்கும் பாட்டு."

அவர் பட்டனை ஆஃப் செய்தார். ததேயு அண்ணன் மண்டபத்துக்குள் வந்துவிட்டார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. முன்வரிசையில் நாற்காலிகள் நகர்ந்தன. சகாயம் மேடையிலிருந்து எங்களை நோக்கி வேகமாக இறங்கினான். பாதி வழியில் நின்றான். அவனுடைய அம்மை ரோசம்மா, நாற்காலியை விட்டு இறங்கி ஸ்பீக்கருக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். அதற்கு மேல் எங்களிடம் வரவில்லை.

பங்குச் சாமி எழுந்தார். எங்களைப் பார்த்துக் கையைத் தூக்கினார்.

"அண்ணாச்சி, சாமி கொறைக்கச் சொல்லி கை காட்டுதாரு."

நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை. படத்தைப் பார்த்தேன். முடியைத்தான் வெட்டியிருந்தார்கள். வில் பிடித்த கை அப்படியே இருந்தது.

"தெரியும் மக்கா. கூட்டு."